சிறு சொல்லும் ஒரு பெருவாழ்வும்

மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவன் எழுதியது

ஆங்கில இலக்கணம் என்றாலே அஞ்சி ஒதுங்கும் மாணவர் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். அப்படிப்பட்ட நான் ஓர் ஆங்கில இலக்கண ஆசிரியரின் வாழ்க்கையை நம் கல்லூரி ஆண்டு மலரில் எழுத முன்வந்தது என் வகுப்பு நண்பர்களுக்கு வியப்பைத் தரலாம். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாம் ஆண்டில் படித்தபோது, கல்வி உதவித்தொகை வேண்டி வெளிமாநிலத்து அறக்கட்டளை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினேன். எனக்கு இருப்பவர் ஒரே ஓர் அண்ணன். அவர் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். மனைவி மக்களோடு அங்கேயே குடியிருப்பதால் வீட்டுக்குப் பணம் அனுப்ப இயலாத நிலை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் எங்களுக்கு உதவ இயலாதவர் என்பதே நான் எழுத நினைத்த வாக்கியம். அகராதியைப் புரட்டி, ‘மை பிரதர்’ என்று தொடங்கி, ‘ஹூ’ என்ற சொல்லால் இணைத்து, ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். காற்புள்ளி எதுவும் இடவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கோயம்புத்தூரில் உள்ள அண்ணன் உதவவில்லை என்பது புரிகிறது. மற்றோர் அண்ணனுடைய வருமானச் சான்றிதழை உடனே அனுப்பவும் என்று அதில் கேட்டிருந்தார்கள். இல்லாத அண்ணனுக்கு எந்த அலுவலகத்தில் போய்ச் சான்றிதழ் வாங்குவது? விளக்கம் எழுதி, மறுமொழி வருவதற்குள் விடுதிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. என் தாயார் காதிலிருந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்துப் பணம் கட்டினார்.

எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் ஐயாவிடம் அந்தக் கடிதத்தின் நகலைக் காட்டினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பென்சிலை எடுத்து, ‘ஹூ’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒன்றும் அந்தத் தொடரின் முடிவில் ஒன்றுமாக இரண்டு காற்புள்ளிகளை வைத்தார். காற்புள்ளி இல்லாமல் எழுதினால், என் அண்ணன்மாருள் கோயம்புத்தூரில் இருப்பவர் என்று பொருள்படும். காற்புள்ளி இட்டால், என் அண்ணன் ஒருவரே, அவர் இருப்பது கோயம்புத்தூரில் என்று பொருள்படும். இல்லாத ஓர் அண்ணனை நானே உண்டாக்கி அனுப்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. பிறகு அவர் நூலகத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு தடித்த நூலை எடுத்துக் கையில் தந்தார். அதை எழுதியவர்தான் இக்கட்டுரையின் நாயகரான ஹென்றி வாட்சன் ஃபௌலர்.

பெயரெச்சமும் இணைப்புப் பெயரும்

ஃபௌலரின் வாழ்வுக்குள் நுழையுமுன், நமக்கு இந்த இடர்ப்பாடு ஏன் வருகிறது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஹூ, ஹூம், ஹூஸ், விச், தட் ஆகிய சொற்களை ரிலேட்டிவ் புரோநவுன் என்கிறார்கள். இங்கே அவற்றை இணைப்புப் பெயர் என்று வழங்குவோம். தமிழில் இத்தகைய சொற்களுக்கு வேலை குறைவு. அந்த வேலையைப் பெயரெச்சம் செய்துவிடுகிறது. வந்த பையன், பையன் வந்த பேருந்து, பையன் வந்த வழி, பையன் வந்த நாள் என எல்லாவற்றுக்கும் வந்த என்ற ஒரே சொல் போதும். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறும் பெயரெச்சத்தோடு பொருந்தி வரும் என்று நன்னூல் வகுத்திருப்பதை நாம் படித்திருக்கிறோம்.

ஆங்கிலமோ ஒவ்வோர் இடத்திலும் நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. வந்தவன் எழுவாயானால் ஹூ; செயப்படுபொருளானால் ஹூம்; உடைமை என்றால் ஹூஸ்; அஃறிணை என்றால் விச் அல்லது தட். இதற்கு மேலும் ஒன்று உண்டு. அந்தத் தொடர், பலருள் ஒருவரைப் பிரித்துக் காட்டுகிறதா, அல்லது முன்பே தெரிந்த ஒருவரைப் பற்றிக் கூடுதலாக ஒரு செய்தி சொல்கிறதா என்பதையும் காட்டியாக வேண்டும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் என்று தமிழில் சொல்லும்போது, அண்ணன் ஒருவரா பலரா என்பதைக் கேட்பவர் வேறு வழியில்தான் அறிய வேண்டும். ஆங்கிலத்தில் அதைக் காற்புள்ளி சொல்லிவிடுகிறது. இந்த வேறுபாட்டை வாழ்நாளெல்லாம் எண்ணிப் பார்த்தவர்களுள் தலையாயவர் ஃபௌலர்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள டன்பிரிட்ஜ் என்னும் ஊரில், 1858ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் ஹென்றி ஃபௌலர் பிறந்தார். தந்தையார் கிறித்தவ மதகுரு, பள்ளி ஆசிரியருங்கூட. எட்டுக் குழந்தைகளுள் இவரே மூத்தவர். ரக்பி பள்ளியில் படித்து, 1877இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே, 1879இல் தந்தையார் மறைந்தார்.

தேர்வுகளில் அவர் பெற்றது இரண்டாம் வகுப்பே. சமயப் பாடத்தில் தேறாததால், 1881இல் கல்லூரியை விட்டு வந்தவருக்குப் பட்டம் 1886இல்தான் கிடைத்தது. பின்னாளில் ஆங்கில உலகமே ஐயம் வரும்போது யாரைக் கேட்டதோ, அவர் ஒரு தாளில் தவறியவர் என்பது நம்மைப் போன்றோர்க்குச் சிறிது ஆறுதல் தரும் செய்திதான்!

மனச்சான்றின் வழி

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்துப் பள்ளி ஒன்றில் சிறிது காலம் பணியாற்றிய பின், 1882இல் வட இங்கிலாந்தின் மலைப்பகுதியில் உள்ள செட்பர் பள்ளியில் ஆசிரியரானார். லத்தீன், கிரேக்கம், ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்பித்தார். 17 ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. மாணவர் இல்லம் ஒன்றின் தலைமைப் பொறுப்பு காலியானபோது, அது அவருக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அப்பொறுப்பை ஏற்பவர், மாணவர்களைக் கிறித்தவ சமயத்தின் உறுதிப்பூசுதல் சடங்குக்கு ஆயத்தம் செய்ய வேண்டும் என்பது அப்பள்ளியின் முறை.

ஃபௌலர் அந்தச் சமயத்தில் நம்பிக்கை கொண்டவர் அல்லர். நம்பாத ஒன்றை நம்புவதுபோல் சிறுவர்க்குப் போதிக்க அவர் மனம் ஒப்பவில்லை. தலைமை ஆசிரியரோ விதியைத் தளர்த்த இணங்கவில்லை. ஒருவர்மீது ஒருவர் மதிப்பு வைத்திருந்தும் இருவரும் தத்தம் நிலையில் நின்றனர். 1899இல், 41ஆம் வயதில், ஃபௌலர் வேலையைத் துறந்தார். வாயளவில் ஆம் என்று சொல்லியிருந்தால் பதவியும் வருவாயும் கிடைத்திருக்கும். அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே பொய் நுழையக் கூடாது என்ற கொள்கை அவருக்கு இலக்கண நூல் எழுதும்போது தோன்றியதன்று. அதற்கு முன்பே வாழ்க்கையில் கடைப்பிடித்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இரு சகோதரர்கள்

லண்டனில் சில ஆண்டுகள் கட்டுரைகள் எழுதிச் சிறு வருவாயில் எளிய வாழ்க்கை நடத்தினார். 1903இல் ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்சி என்னும் தீவுக்குச் சென்றார். அங்கே அவருடைய தம்பி ஃபிரான்சிஸ் தக்காளி பயிரிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு 12 வயது இளையவர். இருவரும் அருகருகே வீடு அமைத்து வாழ்ந்தனர். நாள்தோறும் ஓடுவதும் நீந்துவதும் ஹென்றியின் வழக்கம். மழையோ குளிரோ அதைத் தடுத்ததில்லை.

உடன்பிறந்தார் இருவரும் சேர்ந்து முதலில் கிரேக்க எழுத்தாளர் லூசியனின் படைப்புகளை மொழிபெயர்த்தனர். 1905இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 1906இல், தி கிங்ஸ் இங்கிலிஷ் என்னும் நூல் வந்தது. நாளேடுகளிலிருந்தும் புகழ்பெற்ற ஆசிரியர்களின் நூல்களிலிருந்தும் பிழையான வாக்கியங்களைத் திரட்டி, அவற்றைத் திருத்திக் காட்டிய நூல் அது. பெரும்புகழ் படைத்தோர் என்பதற்காக அவர்கள் யாரையும் விட்டுவைக்கவில்லை. இணைப்புப் பெயர்களுக்கு அந்நூலில் நீண்ட பகுதியே ஒதுக்கப்பட்டது.

1908ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், தம் 50ஆம் பிறந்தநாளில், ஜெஸ்ஸி மேரியன் வில்ஸ் என்னும் அம்மையாரை ஹென்றி மணந்தார். பிள்ளைப்பேறு இல்லாவிடினும் இனிய இல்லறம் அது. 1911இல் சகோதரர் இருவரும் தொகுத்த கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வெளிவந்தது. அதற்கு மூலமான ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியே அப்போது முழுமை பெறவில்லை. ஆகவே அகரவரிசையின் பிற்பகுதிக்கு மூலத்தின் துணையின்றியே அவர்கள் உழைக்க நேர்ந்தது. அவ்வகராதியின் பிற்காலப் பதிப்புகள் நம் நாட்டு மாணவர் பலரின் மேசையில் இடம்பெற்றதை எல்லோரும் அறிவோம்.

போரும் பிரிவும்

அதே 1911இல் இருவரும் மேலும் இரண்டு நூல்களைத் திட்டமிட்டனர். ஒன்று கைக்கடக்கமான அகராதி. மற்றொன்று ஆங்கிலச் சொல்லாட்சி நூல். ஆளுக்கொன்றாகத் தொடங்கி, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பது என்பது ஏற்பாடு. சொல்லாட்சி நூல் அண்ணன் பங்குக்கு வந்தது.

அதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. 1915இல் இருவரும் படையில் சேர்ந்தனர். ஹென்றிக்கு அப்போது 57 வயது. 44 என்று சொல்லிச் சேர்ந்தார். மனச்சான்றுக்காக வேலையைத் துறந்தவர் வயதை மறைத்தார் என்பது முரண்தான். அதை மூடி மறைக்க நான் விரும்பவில்லை. நாட்டுப்பற்றின் பெயரால் அன்று பலர் செய்ததை அவரும் செய்தார். பிரான்சுக்கு அனுப்பப்பட்ட அவர்களுக்குப் போர்முனையில் இடம் கிடைக்கவில்லை. பாத்திரம் கழுவுவதும் கரி சுமப்பதுமான வேலைகளே தரப்பட்டன. போரிடவே வந்தோம், ஏவல் வேலைக்கு வரவில்லை என்று மேலதிகாரிக்கு இருவரும் முறையீடு எழுதினர். இறுதியில் ஹென்றியின் உடல் தாங்காமல் ஊர் திரும்ப நேர்ந்தது.

தம்பியின் நிலை இதனினும் கொடிது. படைப் பணியின்போது பற்றிய காசநோயால், 1918இல், 47ஆம் வயதில் ஃபிரான்சிஸ் காலமானார். இருவரும் சேர்ந்து கட்டத் தொடங்கிய வீட்டை ஒருவரே கட்டி முடிக்க வேண்டியதாயிற்று. சிற்றகராதியை ஹென்றி முடித்து 1924இல் வெளியிட்டார். 1926இல் ஏ டிக்ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலிஷ் யூசேஜ் என்னும் சொல்லாட்சி நூல் வெளிவந்தது. நூலகத்தில் என் கைக்கு வந்த தடித்த நூல் இதுவே.

அதைத் தம்பியின் நினைவுக்கே அவர் உரிமையாக்கினார். தம்மைவிடத் தம்பி கூர்மையானவர், திறந்த மனம் உடையவர், அவர் இருந்திருந்தால் இந்நூல் இன்னும் சிறந்திருக்கும், பணியைப் பங்கிட்டபோது இந்நூலைத் தம்பியிடம் விடாமற் போனது வருந்தத்தக்கது என்ற கருத்துகளை அதன் முகப்பில் எழுதினார். இல்லாத அண்ணனை ஒரு கடிதத்தில் உண்டாக்கிவிட்டுத் திண்டாடிய நான், இருந்த தம்பியை இழந்த ஓர் அண்ணன் எழுதிய அந்தப் பக்கத்தைப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

விச் என்பதா, தட் என்பதா?

இனி அவர் சொன்ன விதிக்கு வருவோம். ஆற்றங்கரையில் உள்ள வீடுகள் வெள்ளத்தில் மூழ்கின என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளுள் ஆற்றங்கரையில் இருந்தவை மட்டுமே மூழ்கின என்றால், அத்தொடர் வரையறை செய்கிறது. அங்கே தட் என்ற சொல்லைக் காற்புள்ளியின்றி எழுதுக. பேசப்படும் வீடுகள் எல்லாமே மூழ்கின, அவை இருந்த இடம் ஆற்றங்கரை என்றால், அத்தொடர் கூடுதல் செய்தி தருகிறது. அங்கே காற்புள்ளி இட்டு விச் என்று எழுதுக. எத்தனை வீடுகள் மூழ்கின என்ற கணக்கே இச்சிறு சொல்லால் மாறிவிடும். மனிதரைக் குறிக்கும்போது இரண்டு வகைக்கும் ஹூ என்பதே பெரிதும் வழங்குவதால், முழுச் சுமையையும் காற்புள்ளி தாங்குகிறது. என் விண்ணப்பம் கவிழ்ந்தது அந்த இடத்தில்தான்.

வேறு சில இடங்களிலும் அவர் வழிகாட்டினார். இணைப்புப் பெயருக்குப் பின்னால் நான் நினைக்கிறேன் என்பது போன்ற இடைச்செருகல் வந்தால், பலர் மயங்கி ஹூ என்பதற்குப் பதில் ஹூம் என எழுதிவிடுவர். இடைச்செருகலை நீக்கிப் பார்த்தால், அச்சொல் அடுத்த வினைக்கு எழுவாய் என்பது விளங்கும். ஹூ என்பதே சரி. ஹூஸ் என்பதை உயிரற்ற பொருளுக்கு வழங்கலாகாது என்று சிலர் சொல்லிவந்ததை அவர் ஏற்கவில்லை. தெளிவாக இருக்கும் சொல்லை வீண் விதியால் விரட்டுவானேன் என்பது அவர் நிலை.

இச்சொற்களின் போட்டி ஃபௌலர் காலத்தில் தொடங்கியதன்று. 1711இல் ரிச்சர்ட் ஸ்டீல் என்னும் எழுத்தாளர், ஹூ, விச் என்ற இருவரும் தட் என்பவன்மீது முறையீடு கொடுப்பதாக ஸ்பெக்டேட்டர் இதழில் நகைச்சுவையாக எழுதினார். வந்தேறி ஒருவன் தங்கள் இடத்தைப் பறித்துக்கொண்டான் என்பது வழக்கு. மொழி வரலாற்றின்படி இணைப்புப் பெயராக மூத்தது தட் என்பதே. ஹூ அந்த வேலைக்குப் பின்னால் வந்தது. மூத்தவன்மீதே இளையவர்கள் வழக்குத் தொடுத்த கதை இது!

ஃபௌலரிடம் நான் மிகவும் மதிப்பது மற்றொன்று. விச், தட் பற்றிய தம் விதியை அவர் சட்டமாக அறிவிக்கவில்லை. எல்லோரும் இதைப் பின்பற்றினால் தெளிவு பெருகும் என்றார். அதே மூச்சில், பெரும்பாலோரும் சிறந்த எழுத்தாளர்களும் இப்படி எழுதவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். இன்றளவும் பிரிட்டனில் வரையறை செய்யும் இடத்தில் விச் எழுதுவது பிழையாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்கப் பதிப்பாசிரியர் பலரோ அவர் விதியை இறுகப் பற்றிக்கொண்டனர். ஆகவே தேர்வுத்தாளில் ஒருவர் விச் எழுதியதற்காக மட்டும் அவரை எள்ளி நகையாடுதல் தகாது. காற்புள்ளியின் விதி மட்டும் இரு நாட்டிலும் மாறாதது. விதிக்கும் விருப்பத்துக்கும் உள்ள வேற்றுமையை மறைக்காமல் சொன்ன நேர்மையும், செட்பர் பள்ளியில் பதவியை மறுத்த நேர்மையும் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது.

இறுதி நாட்கள்

1925 முதல் ஹென்றி, சாமர்செட் மாவட்டத்தில் ஹிண்டன் செயின்ட் ஜார்ஜ் என்னும் சிற்றூரில் மனைவியோடு வாழ்ந்தார். அவர் எழுத்துக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று, வேலையாள் வைத்துக்கொள்ளப் பதிப்பகத்தார் பொருளுதவி செய்ய முன்வந்தனர். 68 வயதான அவரோ, அன்று காலையில் இரண்டு மைல் ஓடி, அண்டை வீட்டார் குளத்தில் நீந்திய செய்தியைத் தெரிவித்து, வேலையாள் இல்லாததால்தான் உடல் இப்படி இருக்கிறது என்று அன்போடு மறுத்துவிட்டார். 1930இல் மனைவியார் காலமானார். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், 75ஆம் வயதில், ஹென்றி ஃபௌலரும் மறைந்தார். அவர் நூலை 1965இல் சர் எர்னஸ்ட் கோவர்ஸ் திருத்தி வெளியிட்டார். அதன் பின்னரும் பிறர் கையால் திருத்தம் பெற்று அந்நூல் வாழ்ந்துவருகிறது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் ஆங்கிலத்தை மதிப்பெண்ணுக்காக மட்டுமே படிக்கிறோம். ஆனால் நாளை நாம் எழுதப்போகும் விண்ணப்பத்திலும் முறையீட்டிலும் ஒரு குடும்பத்தின் நிலை அடங்கியிருக்கலாம். படிப்பவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை; நாம் எழுதிய சொல்லை மட்டுமே பார்க்கிறார். ஆகவே இணைப்புப் பெயர் ஒன்றை எழுதுமுன், நான் பலருள் ஒருவரைப் பிரித்துக் காட்டுகிறேனா, தெரிந்த ஒருவரைப் பற்றி மேலும் சொல்கிறேனா என்று ஒரு கணம் எண்ணுவோம்.

இரண்டாம் ஆண்டில் அதே அறக்கட்டளைக்கு மீண்டும் விண்ணப்பித்தேன். வாக்கியம் பழையதுதான்; காற்புள்ளிகள் மட்டும் புதியவை. இம்முறை எந்தச் சான்றிதழும் கேட்டுக் கடிதம் வரவில்லை, உதவித்தொகை வந்தது. என் தாயாரின் தோடு அடகுக் கடையிலிருந்து வீடு திரும்பியது. அதை அவர் காதில் காணும்போதெல்லாம், கெர்ன்சித் தீவில் தக்காளித் தோட்டத்தின் அருகே அமர்ந்து சிறு சொற்களை எடைபோட்ட அந்த அண்ணன் தம்பியரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.